இடது பக்கம் மட்டும் திரும்பிய சைக்கிள்

இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு நடந்தது இது. திருநின்றவூர் ஏரிப் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்குப் பாடியில் ஒரு கம்பெனியில் வேலை. கிராமத் தபால் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், பரீட்சை கிடையாது, பத்தாவது மார்க்கை வைத்தே எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பத்தாவதில் நான் நல்ல மார்க். கல்யாணமான பிறகு அந்த மார்க்கை யாரும் கேட்டதே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு அது தெரியாது. தெரியும் என்று பொய்யாக டிக் அடித்துவிட்டு, நாளைக்குத் தபால் பையோடு நடுரோட்டில் விழவா? மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு, மத்தியானம் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் பழக ஆரம்பித்தேன். எங்கள் தெருவுக்குப் பின்னால் புதிதாக ஃப்ளாட்டுகள் வந்திருக்கின்றன. அங்கே ரோடு நன்றாக இருக்கும்.

விழுந்து எழுந்து ஓரளவு வந்துவிட்டது. ஆனால் இடது பக்கம் மட்டும்தான் திருப்ப வரும். வலது பக்கம் ஒடித்தால் விழுந்துவிடுவேன். அதனால் இடது, இடது, இடது என்று அந்த ஃப்ளாட்டுகளையே சுற்றிச் சுற்றி வந்தேன். இறங்கவும் சரியாக வராது. ஏதாவது ஒரு வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டுதான் காலை ஊன்றுவேன். எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினார்.

"இன்னாடி இது? நீதான?"

நான்தான். ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாடியிலிருந்து எடுத்த போட்டோ. 'இந்தப் பெண் தினமும் மதியம் நம் தெருவைச் சுற்றி நோட்டம் விடுகிறாள். ஒவ்வொரு கேட்டாக நின்று உள்ளே பார்க்கிறாள். பிள்ளைகள் ஜாக்கிரதை. அனைவருக்கும் பகிரவும்' என்று கீழே எழுதியிருந்தது. கம்பெனியில் கூட வேலை செய்பவர் காட்டினாராம். ஆவடியில் இருக்கும் நாத்தனாரும் அதற்குள் எனக்கே அனுப்பியிருந்தார்.

"சைக்கிளும் வாணாம், வேலையும் வாணாம். ஒல வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுமா?" என்றார் கணவர்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு பெற்று வளர்த்தவள், பிள்ளை பிடிக்கிறவளா? விண்ணப்பத்துக்கு அந்த வாரத்தோடு கடைசித் தேதி. எவனோ மாடியில் நின்று எடுத்த ஒரு போட்டோவுக்காக அதை விட்டுவிட வேண்டுமா?

மறுநாள் காலை நேராக அந்த ஃப்ளாட்டுக்கே போனேன். அந்தச் செய்தியைப் போட்டவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று வாட்ச்மேன் சொன்னார். ஐ.டி. வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர் போலிருக்கிறது, கழுத்தில் ஹெட்போனோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது.

"எங்க சேஃப்டிக்காகத்தாம்மா போட்டோம். உங்கள தப்பா ஒண்ணும் சொல்லலையே?"

"இன்னா சார் சொல்லல? புள்ள புடிக்கிறவள்னு மட்டும்தான் எழுதல. எதிர்ல வந்து 'யாரும்மா நீ'ன்னு கேக்க வாயில்ல, ஒளிஞ்சிகினு போட்டோ எடுக்க மட்டும் தெரியுதா?"

வாட்ஸ்அப் குரூப்பில் அழித்துவிடுவதாகச் சொன்னார். பாடி வரைக்கும் போனதை யார் அழிப்பது? நான் யார் என்று அதே குரூப்பில் போடுங்கள் என்றேன். மீட்டிங் இருக்கிறது என்றார். இருக்கட்டும், முடித்துவிட்டு வாருங்கள் என்று அங்கேயே நின்றேன். கடைசியில், வாய்ஸ் மெசேஜில் நீங்களே பேசுங்கள் என்று வேண்டாவெறுப்பாகப் போனை என் முன்னால் நீட்டினார்.

"நான்தாங்க அந்த சைக்கிள் பொம்பள. பின்னாடி தெருவுலதான் என் ஊடு கீது. தபால் வேலைக்கு எழுதிப் போட சைக்கிள் கத்துக்கினு கீறேன். ரைட்டுல திருப்ப வராது, அதான் உங்க ஊட்டையே சுத்துறேன். இன்னிக்கும் வருவேன். டவுட்டுன்னா கூப்ட்டுக் கேளுங்க."

என் கண் முன்னாலேயே அனுப்பினார். இரண்டு கட்டைவிரலும் ஒரு சிரிப்பு பொம்மையும் வந்தன. 'ஸாரி' என்று ஒருவரும் எழுதவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானமும் சைக்கிளை எடுத்தேன். ராத்திரி கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவர், "செரி, எழுதிப் போடு" என்றார். சைக்கிள் தெரியுமா என்ற இடத்தில் தெரியும் என்று தைரியமாக டிக் அடித்தேன். தேர்வானவர்கள் பட்டியலுக்காகக் காத்திருக்கிறேன்.

ஆனால் கோபம் மட்டும் ஆறவே இல்லை. நான் பேசி அனுப்பியது வந்ததா என்று நாத்தனாரிடம் கேட்டேன். வரவில்லையாம். கணவரின் கம்பெனியிலும் யாருக்கும் வரவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்ற என்று என் முகத்தை ஊரெல்லாம் அனுப்பியவர்களில் ஒருவருக்குக்கூட, என்னைக் காப்பாற்ற என் குரலை அனுப்பத் தோன்றவில்லையே என்று இன்றைக்கும் மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.