பாதி மட்டும் அளந்த வீடு: புதுச்சேரியில் மூன்று நாள்

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மூன்று நாள் புதுச்சேரியில் இருந்தேன். கடற்கரைக்கும் கடைவீதிக்கும் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை அதிகம் பயன்படாது. பழைய வீடுகளைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓரளவு உதவலாம்.

அந்த ஊரில் பழைய கட்டடங்களையும் வாய்க்கால்களையும் காக்க ஒரு கழகம் இருக்கிறது. முப்பது பேர் இருப்பார்கள். அவர்கள் இணையத்தில் ஒரு வீட்டின் படத்தைப் போட்டு, இதன் பழைய முகப்பை அறிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்டிருந்தார்கள். படத்தில் கீழ்த்தளம் முழுக்க வழுவழுவென்று சிமென்ட் பூச்சு, சின்னச் சின்ன கிரில் ஜன்னல்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. மாடியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வயதிலிருந்து நான்கு ஆண்டுகள் அந்த மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன்.

அப்போது நான் ஒரு கட்டட அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேன். குடியிருக்கிற வீட்டை அளந்து வரைந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். வேறு பொழுதுபோக்கு தெரியாது. அந்த வீட்டின் முகப்புப் படம் டிரேசிங் தாளில் இன்னும் என்னிடம் இருந்தது. நடுவில் வாசல், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வளைவு ஜன்னல்கள். மகள் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். மறுநாளே கழகத்திலிருந்து அமலா என்ற கட்டடக் கலைஞர் தொலைபேசியில் அழைத்தார். அரசுக் குழு செவ்வாய்க்கிழமை வருகிறது, முகப்பு பழையதுதான் என்று காட்டினால் வீடு பாதுகாப்புப் பட்டியலில் சேரும், பழுது பார்க்க உதவியும் வரும் என்றார். சேராவிட்டால் வீட்டுக்காரர் விற்றுவிடுவார்; வாங்குகிறவர் இடித்துவிட்டு நான்கு மாடி கட்டத் தயாராக இருக்கிறார்.

நான் இப்போது இருக்கும் சிதம்பரத்தில் காலை 4.50க்குப் பேருந்து. கடலூர் வழி, அறுபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் அறுபத்தைந்து ரூபாய். 6.55க்குப் புதுச்சேரி. நிலையத்திலிருந்து அந்த வீடு ஒன்றரை கிலோமீட்டர்; ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். மிஷன் வீதிக்கு மேற்கே ஒரு தெரு. தெருப்பெயரை எழுத வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை.

"எந்த ஓட்டலு சார்?" என்றார் ஓட்டுநர்.

"ஓட்டல் இல்லைங்க. பழைய வீடு ஒன்று பார்க்கணும்."

"இன்னா சார், இங்க எல்லாமே பழைய வூடுதான். இடிக்கறதுக்குள்ள பாத்துக்குங்க" என்று சிரித்தார்.

வாய்க்கால் ஓரமாகப் போனோம். கழகத்துக்காரர்கள் பத்துப் பேர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கிப் பிளாஸ்டிக் பைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு 6.30க்கு ஒரு குழு வாய்க்காலுக்கு, இன்னொரு குழு 7.30க்கு ஏதாவது ஒரு வீட்டுக்கு. யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை.

தெருமுனையில் இறங்கியதும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என் காலத்தில் அதிகாலையில் பேக்கரிக்காரர் சைக்கிளில் நீள ரொட்டி கொண்டுவருவார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற சிப்பாய் காகிதம் சுற்றாத ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பிரெஞ்சில் வானொலி கேட்பார். ஞாயிறு மாதா கோயில் மணிக்கு முன்பே தெரு முழுக்கக் காபிக்கொட்டை வாசனை. எதிர்வீடு இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்துகிறார்கள்.

வீட்டுக்காரர் ரீத்தா மதாம், எழுபது வயதிருக்கும். நான் குடியிருந்த காலத்து வீட்டுக்காரம்மாவின் மருமகள். காரைக்காலிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் வருவதற்கு முன்பே திருட்டுப் பயத்தால் முகப்பை அடைத்துப் பூசிவிட்டார்கள். ஆகவே பழைய முகப்பை அவரும் பார்த்ததில்லை.

"நீங்கதான் அந்த மாடி அறைத் தம்பியா?" என்றார். "எங்க மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. படியெறங்குறப்ப தரையத்தான் பாப்பானாம். ஒருநாள் தரையப் பாத்துக்கிட்டே மாட்டு மேல போயி இடிச்சீங்களாமே?"

மாடு இல்லை, சைக்கிள். ஆனால் திருத்தவில்லை.

கழகத்தின் மேஸ்திரி ஏழுமலை சேதராப்பட்டுப் பக்கத்துக்காரர். அவர்களுக்கு ஒரு விதி உண்டு. சந்தேகமான சுவரில் உள்ளங்கை அளவுக்கு மேல் திறக்கக் கூடாது. அதற்கு முன் ஏழுமலை சுத்தியல் காம்பால் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். என் படத்தில் இருந்த அளவுகளை அமலா படிக்க, டேப் வைத்து இடப்பக்கச் சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார்கள். சிமென்ட் பெயர்ந்தது. உள்ளே செங்கல்கள் விசிறிபோலச் சாய்ந்து நின்றன. வளைவு!

எல்லோரும் கைதட்டினார்கள். ரீத்தா மதாம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். "சார், ஒரு இஞ்சு கூடப் பிசகலியே! நீங்க மேஸ்திரி வேலைக்கு வந்திருக்கலாம்" என்றார் ஏழுமலை. எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

"அதே அளவுதான், வலப்பக்கமும் போட்டுடலாம்" என்றார் அமலா.

அப்போதுதான் என் தாளைச் சரியாகப் பார்த்தேன். கையால் அளந்த எண் ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு சிறு பென்சில் கோடு போடுவது என் முறை. இடப்பக்கம் முழுக்கக் கோடுகள். வலப்பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. டிராஃப்ட்ஸ்மேன்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கட்டடம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்று தோன்றினால் பாதியை மட்டும் அளந்து, டிரேசிங் தாளைக் குப்புறப் போட்டு மறுபாதியை நகலெடுத்துவிடுவோம்.

ஏன் அளக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. வலப்பக்கம் முழுவதையும் மறைத்து மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். அதன் பின்னால் வீட்டுக்காரம்மாவும் அவர் பெண்களும் பகலெல்லாம் உட்கார்ந்து தையல் மிஷின் ஓட்டுவார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு அங்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு ஐம்பது ஆண்டு அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து, வலப்பக்கமும் வளைவுதான் என்று நானே நம்பிவிட்டேன்.

அரசுக் குழுவுக்கான கோப்பு ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது. அதில் என் படம்தான் முதல் பக்கம். வாயைத் திறந்தால் படம் முழுவதையுமே யாரும் நம்பமாட்டார்கள், வீடு போய்விடும். திறக்காவிட்டால், ஒருவேளை வளைவே இருந்துவிடலாம். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஏழுமலை வலப்பக்கச் சுவரில் உளியை வைத்துவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். கோடில்லாத வலப்பக்கத்தைக் காட்டினேன். விவரத்தையும் சொன்னேன்.

அமலாவின் முகம் வாடியது. "சார், ரெண்டு பக்கமும் ஆர்ச்சுன்னு எழுதிக் குடுத்துட்டோமே" என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஏழுமலை மட்டும் சுவரில் காதை வைத்துத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். "தோ, இங்கேருந்து அங்க வரைக்கும் செங்கல் சத்தம் இல்ல. மரம்." உள்ளங்கை அளவு திறந்தார். கருத்துப்போன தேக்கு உத்திரம். ஜன்னல்கள் இரண்டுக்கும் பதில் ஒரே அகலமான வாசல் அங்கே இருந்திருக்கிறது.

"மாமனாரோட அப்பாவுக்குப் புஷ்வண்டி இருந்துச்சும்பாங்க" என்றார் ரீத்தா மதாம். ஆள் பின்னால் நின்று தள்ளுகிற வண்டி, இந்த ஊருக்கே உரியது. "எங்க நிறுத்துனாங்கன்னுதான் யாருக்கும் தெரியல. இங்கதானா!"

அன்று மாலையே திரும்ப வேண்டியவன் உப்பளம் பகுதியில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன் (ஓர் இரவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், சுத்தம், மின்விசிறி மட்டும் சத்தம்). திங்கட்கிழமை காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை வலப்பக்கத்தை அளந்தேன். உள்ளிருந்தும் அளக்க வேண்டியிருந்தது. ரீத்தா மதாம் துணிக்கொடியை அவிழ்த்து வழிவிட்டு, "வாங்க சார், இப்ப யாரும் இல்ல, நான் கிழவிதான்" என்றார். ஏழுமலை டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். வாசல் அகலம் ஏழடி இரண்டங்குலம்.

செவ்வாய் 10.15க்கு அரசுக் குழுவினர் மூவர் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஃபைல்ல ரெண்டு பக்கமும் ஆர்ச்சு இருந்துச்சே. யாரு மாத்துனது?"

அமலா பேசுவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "தப்பா வரைஞ்சதும் நான்தாங்க. நேத்து அளந்து திருத்தினதும் நான்தான்."

அவர் இரண்டு திறப்புகளையும் குனிந்து பார்த்தார். உத்திரத்தை விரலால் தொட்டார். "படத்துக்குத் தக்கபடி சுவத்தக் கட்டிக் காட்டுறவங்களத்தான் நான் பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். என்ன எழுதினார் என்று மூன்று வாரம் தெரியாது. போன வியாழக்கிழமை அமலா அழைத்தார். வீடு பட்டியலில் சேர்ந்துவிட்டது. வாங்க இருந்தவரிடம், வீட்டை விற்பதில்லை என்று ரீத்தா மதாம் சொல்லியனுப்பிவிட்டாராம்.

போக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள், ஒன்பது மணிக்குப் பிறகு அந்தத் தெருக்களில் நிழல் குறைவு. ரப்பர் செருப்பு வேண்டாம், வாய்க்கால் ஓரம் வழுக்குகிறது. கேட்காமல் வீடுகளுக்குள் நுழையவோ சுவரைச் சுரண்டிப் பார்க்கவோ கூடாது. ஞாயிறு காலை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள். அந்த ஊரில் எப்போதாவது குடியிருந்தவராக இருந்தால், உங்களிடம் இருக்கும் பழைய போட்டோ, படம், கடிதம் எதுவானாலும் கழகத்தாரிடம் காட்டுங்கள். அது முக்கியமா இல்லையா என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம்.

ஒன்று மட்டும். நீங்கள் பார்க்காத இடத்தைத் தாளில் வெறுமையாகவே விடுங்கள். என் படத்தில் வலப்பக்கம் வெறுமையாக இருந்திருந்தால், வீட்டுக்காரம்மா உயிரோடு இருந்த காலத்திலேயே ஒருநாள் நானே அவரிடம் கேட்டிருப்பேன், இங்கே என்ன இருந்தது என்று.