பாதி மூஞ்சிக்கு ரெண்டு சொட்டு

இந்த மலேசியாவுல பைக்ல போறவங்க ஜாக்கெட்ட முன்ன பின்ன மாத்திப் போடுறாங்க. ஜிப்பு முதுகுல, முழுத்துணி நெஞ்சுல. காத்து, மழை, பூச்சி எதுவும் உள்ள வராது. வந்த புதுசுல கிள்ளான் சிக்னல்ல நின்னு பாத்தப்போ, இருவது பேரு முதுகக் காட்டிக்கிட்டே என்னப் பாத்து வர்ற மாதிரி இருந்துச்சு. இவங்க போறாங்களா வர்றாங்களான்னு ஒரு நிமிஷம் தலையே சுத்திருச்சு. இப்ப நானும் அப்டித்தான் போடுறேன். போறேனா வர்றேனான்னு சில நாள் எனக்கே டவுட்டு.

ஹாஸ்டல் கூட்டத்துக்கும், என்ன மாதிரி ஒரு சூட்கேஸோட இங்க வந்து எறங்குன மத்தவங்களுக்கும் சேத்து சைபர் கஃபேல உக்காந்து இத அடிக்கிறேன். ஒரு மணி நேரந்தான் இருக்கு. தப்பு கண்டுபிடிக்கிறவளுக்கு ரிப்ளை கெடையாது. விஷயம் வேற ஒண்ணுமில்ல, என் மூஞ்சி.

காப்பார் பக்கத்துல ஒரு க்ளவுஸ் ஃபேக்டரி. அங்க லேப்ல எனக்கு வேல. நீங்க ஒருநாள் வந்து அந்த லைன பாக்கணும். ஆயிரக்கணக்கான பீங்கான் கை, விரல விரிச்சுக்கிட்டு, சங்கிலில தொங்கி வரும். ரப்பர் பால்ல முங்கும், எந்திரிக்கும், ஆவிக்குள்ள போகும். தூரத்துலேந்து பாத்தா எல்லாக் கையும் டாட்டா காட்டுற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா வா வான்னு கூப்புடுற மாதிரியும் இருக்கும். மத்தியான ஷிஃப்ட்ல அது முன்னாடி நின்னா, நான் தூத்துக்குடில பஸ் ஜன்னல்ல உக்காந்திருக்கேனா இங்க நிக்கிறேனான்னு மறந்துரும்.

அந்தக் கைங்கள்லேந்து உரிஞ்சு வர்ற க்ளவுஸ எண்ணி டப்பால போடுறவ புஷ்பா. இங்க எனக்குக் கெடச்ச மொத ஃப்ரெண்டு. காப்பார்ல பாமாயில் எடுக்குற செம்பனை எஸ்டேட்ல பொறந்து வளந்தவ, அவ தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலயே கப்பல் ஏறி வந்த குடும்பம். கப்சாய்னு இங்க சொல்ற சின்ன பைக்க எனக்கு ஓட்டச் சொல்லிக்குடுத்ததே அவதான். மொத நாளே, இந்த ஊரு பேச்சோட வால்ல ஒட்டிக்கிற "லா"வோட, "ஏய் இந்தியா, இப்டி நெஞ்சத் தொறந்துக்கிட்டு ஓட்டுனா ஒரே வாரத்துல காய்ச்சல்ல படுத்துருவ லா. திருப்பிப் போடு"ன்னு ஜாக்கெட்டப் புடுங்கி மாட்டிவிட்டா. எனக்கு அமுதான்னு பேரு இருக்குன்னு அவளுக்குத் தெரியும். கூப்புடுறது இந்தியாதான்.

உடம்புக்கு ஜாக்கெட் இருக்கு, மூஞ்சிக்கு என்ன இருக்கு? தூத்துக்குடி வெயில் உப்பு மாதிரி, காஞ்ச வெயில், அடிச்சா சுள்ளுனு தெரியும். இங்க வெயில் ஈரத்துணி மாதிரி மூஞ்சில ஒட்டிக்கும், அடிக்கிறதே தெரியாது. ஊர்ல நான் வாசப்படி தாண்டுனாலே எங்கம்மா கொடையோட ஓடி வருவா. "கருத்துப் போவட்டி, அப்புறம் ஒன்ன எவன் கட்டுவான்"னு தெருவே கேக்கக் கத்துவா. அந்தக் கொடைய வெறுத்துட்டுத்தான் நான் ஃப்ளைட் ஏறுனேன். ஆறு மாசம் கழிச்சுக் கண்ணாடில பாத்தா, ஹெல்மெட் வார் போற எடத்துல மட்டும் ஒரு வெளுத்த கோடு, மத்த எடமெல்லாம் சுட்ட கத்திரிக்கா. கொட வேணாம்னு சொன்னவ அன்னிக்குக் கொடையத் தேடுனேன்.

நான் வாடகைக்கு இருக்குற ரூமுக்குக் கீழயே லெட்சுமி அக்காவோட பியூட்டி பார்லர். கல்யாண அலங்காரம், புருவம், ஃபேஷியல் எல்லாம் உண்டு. சேல்ஸ் பண்ற ஒரு சீன அக்காகிட்டேந்து லெட்சுமி அக்கா பத்துப் பன்னெண்டு பாட்டில் சீரம் வாங்கிருந்தாங்க. வைட்டமின் சி சீரம், முகம் பளிச்சுனு ஆகும், வெயில்லேந்து காப்பாத்தும்னு புது சரக்கு. ஒருநாள் நான் படியேறும்போது கூப்டாங்க. சாமி மாடத்துல, வெளக்குக்கு ரெண்டு பக்கமும், கண்ணாடிக் குப்பில வரிசையா நிக்குது சீரம். வெள்ளிக்கெழமைங்கிறதால ஒவ்வொண்ணுக்கும் குங்குமப் பொட்டு வேற.

"அமுதா, நீ கெமிஸ்ட்ரி படிச்சவதானே? இது ஓகேவா பாரு லா."

"ஏன்க்கா பாட்டில மாத்துனீங்க?"

"கறுப்பு பாட்டில்ல வந்துச்சு. இருமல் மருந்துன்னு நெனச்சு எவளும் தொட மாட்றா. இப்ப பாரு, என்னா கலரு! வந்தப்போ பச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு. மூணு வாரத்துல ஆரஞ்சு ஜூஸ் மாதிரி ஆயிருச்சு. இப்பதான் வைட்டமின் நல்லா எறங்கிருக்கு."

நான் என்ன சொல்லிருக்கணும்னு உங்களுக்குத் தெரியும், ஏன்னா ரெண்டாவது வருஷம் லேப்ல என் பக்கத்துல நின்னவளுங்க நீங்கதான். வைட்டமின் சி கரைசல், அயோடின், கஞ்சி. நீலத்த வெச்சு எவ்ளோ வைட்டமின் இருக்குன்னு கண்டுபிடிக்கிற அந்தப் பழைய கத. மொத நாள் கலக்குனத நாம ரெண்டாவது நாளும் வெச்சு டைட்ரேஷன் பண்ணோம், ரீடிங் பாதிகூட வரல. புதுசாக் கலக்கச் சோம்பேறித்தனப்பட்டு, பக்கத்து பெஞ்சு நோட்டப் பாத்து நம்பர எழுதிட்டு கேன்டீனுக்கு ஓடுனோமே. நேத்து கலக்குனது இன்னிக்குச் செத்துப் போகும்னு அன்னிக்கே கண்ணால பாத்தோம். பாத்தத எழுதல, அவ்ளோதான்.

ஆனா அக்கா கேட்ட அந்த நிமிஷம், இந்த நாட்டுல மொத தடவையா ஒருத்தர் என்னப் படிச்சவளாப் பாக்குறாங்க. அதுவரைக்கும் நான் மேல் ரூம் இந்தியாப் பொண்ணு, தண்ணிய அதிகமா செலவழிக்கிறவ. ஒரு குப்பியத் தூக்கி வெளக்கு வெளிச்சத்துல புடிச்சேன். தேன்ல சூரியன் எறங்குன மாதிரி இருந்துச்சு. அவ்ளோ அழகா இருக்குறது எப்டித் தப்பா இருக்கும்? "சூப்பரா எறங்கிருக்குக்கா"ன்னு சொல்லிட்டேன்.

சொன்னதோட விட்டனா? மறுநாளே புஷ்பாவ இழுத்துட்டு வந்தேன். அவளுக்கு அப்போ கல்யாணத்துக்கு மூணு வாரம். நான்தான் தோழிப்பொண்ணு, பொடவைகூட எடுத்தாச்சு. அவளோட சொந்தக்காரப் பொண்ணுங்க அத்தன பேரு இருக்க, என்ன நிக்கச் சொன்னா. அதுக்குப் பதிலா நானும் ஏதாச்சும் பெருசாக் குடுக்கணும்னு தோணுச்சு. "காலைல சாயங்காலம் போடு, கண்ண மூடிட்டுப் போடு, நான் கேரண்டி"ன்னேன்.

ஆறாவது நாள் வேலைக்கு வந்தா, நெத்தி, மூக்கு ஓரம், புருவத்துக்குள்ளயெல்லாம் டீக் கறை மாதிரி திட்டுத் திட்டா ஆரஞ்சுப் பழுப்பு. சோப்பு போட்டுத் தேச்சிருக்கா, போகல. பேக்கிங் பொண்ணுங்க மஞ்சக்காமாலையான்னு கேட்டிருக்காளுங்க. அவ கத்துவான்னு நெனச்சேன். கத்தல. டப்பாவ ஒட்டிக்கிட்டே, என்னப் பாக்காமப் பேசுனா.

"ஞாயித்துக்கெழம மாமியா வீட்டுலேந்து பூ வைக்க வர்றாங்க. என்ன தோல் வியாதின்னு கேட்டா நான் என்னா சொல்ல? சொல்லாம மறச்சிட்டோம்னு பேசுவாங்க லா."

"நான் வந்து சொல்றேன்டி."

"நீ யாரு சொல்றதுக்கு? எங்க வீட்டுல ஒன்ன யாருக்குத் தெரியும்?" அடுத்த டப்பாவ இழுத்துக்கிட்டே, "படிச்சவளாச்சேன்னு நம்புனேன்."

அதுக்கப்புறம் அவ என்ன இந்தியான்னுகூடக் கூப்புடல. வரிசைல பீங்கான் கைங்க போயிட்டே இருந்துச்சு. அன்னிக்கு எல்லாமே டாட்டாதான்.

சாயங்காலம் ஃபேக்டரி முதலுதவிப் பொட்டிலேந்து கொஞ்சம் அயோடின் வாங்கிட்டு, புஷ்பா கையப் புடிச்சு பார்லருக்கு இழுத்துட்டுப் போனேன். வர மாட்டேன்னு சொன்னவ, பாதி வழில கைய விடுவிச்சுக்கிட்டா. ஆனா வந்தா. அக்கா வீட்டுச் சோத்துல வடிச்ச கஞ்சிய ரெண்டு கண்ணாடி டம்ளர்ல ஊத்தித் தண்ணி கலந்தேன். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு சொட்டு அயோடின். ரெண்டும் ராத்திரி வானம் மாதிரி நீலமாயிருச்சு. அக்கா, "அம்மாடி, என்னா மந்திரம்"னு வாய்ல கை வெச்சாங்க.

சாமி மாடத்துக் குப்பிலேந்து ஒரு டம்ளர்ல விட்டேன். அஞ்சு சொட்டு, பத்து சொட்டு. நீலம் லேசா வெளுத்து அப்டியே நின்னுச்சு. "உசுரோட இருந்தா இந்த நீலத்த அழிச்சிரும்க்கா. இது செத்துப் போச்சு. செத்ததுதான் ஆரஞ்சு. அந்தக் கறைதான் இவ மூஞ்சில."

அக்கா மெதுவா, "அந்த சீன அக்கா வெளிச்சம் காட்டாத, ஃப்ரிட்ஜ்ல வைன்னு சொன்னா. ஃப்ரிட்ஜு முழுக்கக் கல்யாணப் பூவு. சாமிகிட்ட இருந்தா கெடாதுன்னு நெனச்சேன் லா"ன்னாங்க. என்மேல பழி போடணும்னா அப்பவே போட்டிருக்கலாம். போடல. நானே சொன்னேன்: "உங்க தப்பு இல்லக்கா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சூப்பர்னு சொன்னேன். என்னையும் படிச்சவளா மதிச்சுக் கேட்டது நல்லாருந்துச்சு."

ஒடைக்காத கறுப்பு பாட்டில் ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. அதுலேந்து ரெண்டாவது டம்ளர்ல விட்டேன், தண்ணி மாதிரி நெறமில்லாத சொட்டு. நாலாவது சொட்டுல, ஒரு கலக்கு கலக்குனதும், அத்தன நீலமும் இருந்த எடமே தெரியாமப் போச்சு. வெறும் கஞ்சித்தண்ணி. விடிஞ்ச மாதிரி. மூணு பேரும் அந்த டம்ளரையே பாத்துட்டிருந்தோம்.

புஷ்பாதான் மொதல்ல பேசுனா. "டம்ளர்ல போச்சு. என் மூஞ்சில?"

"கறை தானாப் போயிரும்டி. மேல் தோல் உரிய உரியப் போகும், பத்து நாள். கடலமாவுல மெதுவாக் கழுவு, தேய்க்காத."

"இத நம்பச் சொல்றியா?"

"நம்பாத. இந்தப் புது பாட்டில நான் போடுறேன். ஒரு பக்கம் மட்டும், தெனம் காலைல, மேல சன் கிரீமும். இன்னொரு பக்கம் சீரம் போடாம, சும்மா கிரீமு. எந்தப் பக்கம்னு சொல்ல மாட்டேன். கறை புடிச்சா எனக்குப் புடிக்கட்டும். தெனம் லேப்புக்கு வந்து பாத்துட்டுப் போ."

அவ பைய எடுத்துட்டுக் கெளம்பிட்டா. ஞாயித்துக்கெழம அவ வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எனக்கு அப்போ தெரியாது, என்னக் கூப்புடல. திங்கக்கெழம ஏழு மணிக்கு லேப் கதவுல நின்னா. என் தாடையப் புடிச்சு, மாட்டுச்சந்தைல பல்லப் பாக்குற மாதிரி, இப்டித் திருப்புனா, அப்டித் திருப்புனா. "ம்"னா. போயிட்டா. மறுநாளும் வந்தா. அதுக்கு மறுநாளும். அவ கை ரப்பர் பவுடர் வாசன அடிக்கும். அம்மாவுக்கு அப்புறம் என் மூஞ்சிய அவ்ளோ உத்துப் பாத்தது அவதான். அம்மா கருத்திருக்கான்னு பாப்பா, இவ கறை இருக்கான்னு பாப்பா. மூணாவது நாள்தான் அவளா சொன்னா: பூ வைக்க வந்த மாமியா கேட்டாங்களாம். லெட்சுமி அக்கா நேராப் போய், "என் கடை சாமானாலதான், நான்தான் கெடுத்தேன்"னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்களாம்.

உண்மையச் சொல்றேன், அந்த ரெண்டு வாரத்துல நான் சீரம் போட்ட எடது பக்கம் ஒண்ணும் வெளுத்துப் போகல. இது வெள்ளையடிக்கிற சாமான் இல்ல. மொத நாலு நாள் லேசா எரிஞ்சுச்சு. அப்புறம், தூங்கி எந்திரிச்ச மாதிரி ஒரு தெளிவு, அதுவும் எனக்கு மட்டும் தெரியிற அளவு.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, நலங்கு வெச்ச மஞ்சளக் கழுவிட்டு, ஈரத்தலையோட புஷ்பா பார்லருக்கு வந்தா. நெத்தில கறை போயிருந்துச்சு. புருவத்துக்குள்ள மட்டும் நூல் மாதிரி கொஞ்சம். நாற்காலில சாஞ்சு உக்காந்தா.

"ஏய் இந்தியா. எந்தப் பக்கம்டி ஒனக்குப் போட்ட?"

"நீதான் தெனம் பாக்குறியே, சொல்லு."

ரெண்டு பக்கமும் பாத்துட்டு, "வலது"ன்னா.

தப்பு. நான் சொல்லல. விஷயம் தெரிஞ்ச அக்கா சிரிச்சுட்டாங்க. அவ கண்ண மூடிக்கிட்டா. "சரி, போடு. ரெண்டு பக்கமும் போடு. ஒன்ன மாதிரி நான் பாதி பாதி இல்ல."

சும்மாதான் சொன்னா. என் வெரல் அவ கன்னத்துல கொஞ்ச நேரம் நகராம நின்னுச்சு.

கல்யாணத்துல அவளுக்கு எடது பக்கம் நின்னேன். காப்பார்ல அந்த ஹால் முழுக்க அவ சனம். போட்டோவ ஊருக்கு அனுப்புனேன். அம்மா பதில் போட்டிருந்தா: "எல்லாப் பிள்ளையளும் மலேசியாப் பிள்ளையளாவே தெரியி. ஒன்னயக் கண்டுபிடிக்க ரெண்டு தடவ பாத்தேன்ட்டி." கருத்திருக்கன்னு ஒரு வார்த்த எழுதல. அதுதான் என்னமோ பண்ணுச்சு.

ஒரு மாசம் ஆச்சு. பாட்டில் இப்ப அக்கா ஃப்ரிட்ஜுல, மல்லிகைக்கு நடுவுல இருக்கு. வலது பக்கமும் போட ஆரம்பிக்கலாம், யாரும் புடிச்சு நிறுத்தல. காலைல ரெண்டு சொட்டு எடுப்பேன், எடது கன்னத்துல வைப்பேன், மூடியப் போட்டுருவேன். வலது பக்கம் அம்மா கொடையோட ஓடி வந்து பாக்குறதுக்கு அப்டியே இருக்கட்டும்னு ஒரு பைத்தியக்கார நெனப்பு.

நேத்து வேல முடிஞ்சு வரும்போது சிக்னல்ல செவப்பு. கப்சாயோட ரெண்டு கண்ணாடிலயும் குனிஞ்சு எட்டிப் பாத்தேன். எடது கண்ணாடில எடது கன்னம், வலதுல வலது. ரெண்டு கன்னத்துக்குப் பின்னாடியும் அதே ரோடு, அதே செம்பனை, வெயில்ல நெளியிற அதே தாரு. பச்ச விழுந்தத கவனிக்கல. பின்னாடி நின்ன லோரிக்காரரு ஹார்ன் அடிச்சாரு. ஜாக்கெட்ட திருப்பிப் போட்டிருக்கேன்ல, அவரு ஒக்காந்திருந்த எடத்துலேந்து பாத்தா, நான் அவரப் பாத்து வந்துட்டிருக்குற மாதிரியே இருந்திருக்கும்.