இடது பக்க வார்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஈப்போவில் பொருள் வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தார். கடைசி வருஷத்தில் ஏதாவது ஒரு பொருளைப் புதிதாகச் செய்து காட்ட வேண்டுமாம். கூடப் படித்தவர்கள் நாற்காலி, விளக்கு என்று போனபோது, இவர் எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு வந்து கொழுந்துக் கூடையைப் பிடித்துக்கொண்டார். தன் அக்கா, அதாவது என் அம்மா, முதுகில் சுமக்கும் கூடையாயிற்றே. எஸ்டேட்டை நடத்தும் துரை தாராளமாக அனுமதி கொடுத்தார். எழுதுவதில் ஒரு பிரதி ஆபீஸுக்கு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் லைன் வீட்டு வாசலில் மாமா அளவு நாடாவோடு நின்றார். கொழுந்தெடுக்கும் பதினோரு பெண்களின் தோள் அகலம், முதுகு நீளம், ஒன்றையும் விடவில்லை. நாடாவின் மறுமுனை என் கையில். அந்த மிதப்பில் அம்மா வயதுப் பெண்களையெல்லாம் “நேரா நில்லுங்க” என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

அளந்ததை மட்டும் எழுது, ஆளாளுக்குத் தோன்றுவதை எழுதினால் அது கதையாகிவிடும் என்று அவருடைய ஆசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. நோட்டின் ஓரத்தில் வலிக்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தார். பத்துப் பேரும் வலி இல்லை என்றார்கள். கடைசியாக அம்மா.

“வலியா? அதெல்லாம் ஒன்னும் இல்லலா தம்பி.”

எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் சாயங்காலம் அந்தத் தோளில் தைலம் தேய்ப்பவளே நான்தான்.

“மாமா, அம்மா பொய் சொல்றாங்க. இடது கைய தூக்கவே முடியல. எனக்கு அப்பாதான் தல பின்னி விடுறாரு, பாருங்க!” என்று திரும்பி நின்று கோணல் சடையைக் காட்டினேன்.

அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார், இப்போது நினைத்தாலும் எரிகிறது.

“எழுதிடாதடா தம்பி. தோளு போச்சுன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திருவாங்க. வேல போனா இந்த வீடும் போயிரும்லா.”

கிள்ளு வாங்கிய அழுகையில் எனக்கு இதெல்லாம் ஏறவில்லை. மாமா அந்தக் கட்டத்தையே மேலிருந்து கீழ்வரை கோடு போட்டு அடித்துவிட்டார்.

சில மாதம் கழித்துப் புதுக் கூடை வந்தது. எடையில்லை, இடுப்பில் ஒரு பட்டை, இடது தோளுக்கான வார் மட்டும் வலதைவிட இரண்டு மடங்கு அகலமாக, மெத்தென்று இருந்தது. அம்மா அதை மாட்டிக்கொண்டு மேடேறிப் போனார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் என் சடை நேராகிவிட்டது. பள்ளியில் கேலியும் நின்றது.

பரீட்சை முடிந்து மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கூடையைப் பார்த்த தேர்வாளர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்களாம். இடது வார் ஏன் அகலம், அதற்கு அளவு எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். மாமா வாயே திறக்கவில்லை. முதல் பரிசு வேறு யாருக்கோ போய்விட்டது.

“நான் சொன்னத சொல்லியிருக்கலாம்ல மாமா?” என்றேன்.

அவர் சிரித்தார். அம்மா எழுந்து, தன் தட்டிலிருந்த கோழித்துண்டை அவர் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். வெகுநேரம் வரவில்லை.

இவ்வளவு படித்தும் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லையே என்று எனக்கு மாமா மேல் பரிதாபமாக இருந்தது.