டிரைவர் முதுகு

டிரைவர் தணிகாசலம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோளாறு அதுதான். கண்டக்டர் வேலை என்பது பாதி விசில், பாதி டிரைவரின் முதுகைப் பார்த்து மனசைத் தெரிந்துகொள்வது. எழுபதுகளில் திருவண்ணாமலை - கீழ்பென்னாத்தூர் வண்டியில் எனக்கு அதுதான் பிழைப்பு. படியில் தொங்கியவர்களுக்குப் புரியும்.

ஆடு

கீழ்பென்னாத்தூரில் புறப்படும் நேரம். பின்னால் போட்டி வண்டி ஹாரன் அடிக்கிறது. படியோரம் யாருடைய கீரைக்கூடையிலோ ஆடு வாய் வைத்தது. அதை விரட்ட வண்டித் தகரத்தை இரண்டு தட்டு தட்டினேன். இரண்டு தட்டினால் ‘ரைட்’. தணிகாசலம் எடுத்துவிட்டார். ஏரிக்கரை தாண்டிய பிறகு பின்சீட்டுக்காரர் கேட்டார்:

“ஏன் கண்டக்டரே, ஆட்டையும் ஏத்தல, டிரைவரு மாமியாரையும் ஏத்தல. யாருக்குங்க இந்த ரைட்டு?”

பிரேக்

அன்று வீட்டில் தணிகாசலத்தை மனைவி பிடித்துக்கொண்டாள். “எங்கம்மாவ ரோட்டுல நிக்க வெச்சிட்டு வந்துட்டியே!” அவர் அந்தக் கோபத்தை என்மேல் திருப்பினார்.

பேச்சு கிடையாது. கழுத்து விறைத்தால் கோபம். தோள் ஏறினால் கோபம் ஜாஸ்தி. வண்டியை நிறுத்த நான் விசில் ஊதினால் பிரேக்கில் ஏறி மிதிப்பார். நின்றவர்கள் மொத்தமாக முன்னால் போய் விழுவார்கள். மூட்டைக்கார அம்மாள் ஒருத்தி கத்தினாள்:

“சண்டை உங்களுக்குள்ள, இடுப்பு ஒடியறது எங்களுக்காங்க?”

மூக்குக் கண்ணாடி

புகார் பஸ் முதலாளியிடம் போனது. முதலாளி திட்டினால் பிழைத்தோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் யாருக்கோ வேலை போச்சு. கழற்றினார். எனக்கு வேறு தொழில் தெரியாது.

“நாளைக்குள்ள பேசிக்கங்க. இல்லன்னா ஒருத்தன் வூட்டோட இருந்துக்கலாம்.”

மாமியார்

மறுநாள் காலை அதே மாமியார், பச்சையம்மாள், மூட்டையோடு ஏறினார். நேரே டிரைவர் சீட்டுப் பக்கம் போய் நின்றார். முதுகு அசையவில்லை.

“கண்டக்டரு மேல கோவம் வேணாம் மாப்ள. அன்னிக்கிப் படியில வெச்ச காலை நானேதான் எடுத்துக்கினேன். வெளிய இருக்கிற கண்ணாடியில உங்க மொகத்தப் பாத்தேன். நான் வர்றது புடிக்கலன்னு தெரிஞ்சிபோச்சி.”

தணிகாசலம் முழுசாகத் திரும்பினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாகிவிட்டது. மூட்டையை வாங்கி இன்ஜின் பெட்டிமேல் வைத்தார். “உக்காருங்க அத்தே” என்றார். பிறகு என் பக்கம்:

“இன்னும் என்னய்யா பாத்துக்கினு நிக்கற? ஊது.”

முதலாளி, டிரைவர், நான் என்று மூன்று ஆம்பளைகள் முறைத்துக்கொண்டு நின்ற இடத்தில், வாயைத் திறந்து வேலையை முடித்தவர் பச்சையம்மாள்.