கேட் ரெஜிஸ்டரில் இருந்த என் பெயர்

உங்களில் பலருக்கு என்னை பிளெஸ்ஸி என்றுதான் தெரியும். பாடகர் குழுவில் இடது ஓரத்தில் நிற்பவள். இந்த மார்ச் மாதம் அந்தப் பெயராலேயே நான் என் பட்டத்தை இழக்கப் பார்த்தேன். பொய்க்காரி என்று எழுதப்பட்டு வீட்டுக்குப் போக வேண்டியவளை ஆண்டவர் தாங்கினார். அதை எழுத வேண்டுமானால் என் அகந்தையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மார்ச் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. திருவனந்தபுரத்தில் என் கல்லூரியில், பிபிஏ கடைசி செமஸ்டர் தேர்வுக்கு முன், யார் யாருக்கு எத்தனை கிரெடிட் சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலைத் துறை வாசலில் ஒட்டியிருந்தார்கள். மூன்று வருடமாக நான் அந்தக் கணக்கை டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வந்தவள். மொழித்தாள்கள், அக்கவுண்டிங், மார்க்கெட்டிங், வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய ஒரு விருப்பப் பாடம், இரண்டாம் வருட விடுமுறையில் எட்டு வார இன்டர்ன்ஷிப். எல்லாம் முடிந்திருந்தது. ஒரு தாள்கூட அரியர் இல்லை. பட்டியலைப் பார்க்கவே தேவையில்லை என்று நினைத்து, தோழிகளுக்காகத்தான் போய் நின்றேன்.

என் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு வட்டம். இன்டர்ன்ஷிப், நான்கு கிரெடிட், நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

துறைத் தலைவர் ஷைனி டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் என் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் இருந்தது. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மோளே, இதாரு இந்த பிளெஸ்ஸி?"

"நான்தான் டீச்சர்."

"நம்ம ரெஜிஸ்டர்ல பிளெஸ்ஸின்னு ஒரு குட்டியே இல்லல்லோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்கு இரண்டு பெயர். நான் போனக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பிளெஸ்ஸி. ஆனால் பள்ளியில் சேர்க்கப் போன அன்று வாத்தியார் பெயர் கேட்டதும், எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா, வீட்டில் பொன்னு பொன்னு என்று கூப்பிடுகிற பழக்கத்தில் பொன்னம்மாள் என்று சொல்லிவிட்டார். எங்கள் லயத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான். சபைக்கு ஒரு பெயர், சர்க்காருக்கு ஒரு பெயர். ஆதார் முதல் ஹால் டிக்கெட் வரை நான் பொன்னம்மாள்தான்.

எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. ஆனால் பொன்னம்மாள் என்று யாராவது கூப்பிட்டால், கொழுந்துக்கூடை இன்னும் முதுகில் இருப்பது போல எனக்குக் கூசும். கல்லூரியில் இன்டர்ன்ஷிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் தருவார்கள். அதில் பொன்னம்மாள் என்றுதானே இருக்கும்? நான் வாங்கவில்லை. நகரத்து ஓரம் கழக்கூட்டத்தில் ஒரு சின்ன சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தை நானே தேடிப் பிடித்தேன். பிளெஸ்ஸி என்று மெயில் அனுப்பினேன். எட்டு வாரமும் அங்கே பிளெஸ்ஸியாகவே இருந்தேன். முடிவில் சான்றிதழிலும் அவர்கள் அப்படியே அடித்துக் கொடுத்தார்கள். அச்சில் என் பெயரை அப்படிப் பார்த்தது முதல் முறை. பஸ்ஸில் உட்கார்ந்து நாலு தடவை வாசித்தேன். அதில் ஒரு தவறு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. இன்டர்ன்ஷிப் நாள்குறிப்பையும் சேர்த்து, கல்லூரி கவுண்டரில் மற்ற சான்றிதழ்களோடு கொடுத்தேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பத்து மாதம் கழித்து இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

"வில்லேஜ் ஆபீஸ்ல ரெண்டு பேரும் ஒரே ஆள்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வரேன் டீச்சர்" என்றேன்.

"வாங்கிக்கோ. பட்சே அது பேருக்குத்தானே? எட்டு ஆழ்ச்ச அந்த ஆபீஸ்ல இருந்தது நீதான்னு அது சொல்லுமோ? வேறொருத்தியோட சர்டிபிகேட்டை இவ கொண்டு வந்து வச்சதுன்னு கமிட்டியில கேட்டா நான் என்ன பறயும்?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. "வெள்ளியாழ்ச்ச கமிட்டி. ஆதாரம் கொண்டு வா. இல்லேன்னா அடுத்த பேட்ச்சோட இன்டர்ன்ஷிப் திரும்பச் செய்யணும். ஒரு வருஷம் போகும். மோசடின்னு எழுதிட்டா அதுவும் கிடையாது."

ஜூன் மாதம் சேர்வதற்கு ஒரு வேலை எனக்குக் கிடைத்திருந்தது. பட்டம் முடித்த சான்று கொடுத்தால்தான் வேலை. அப்பா அதை லயம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எண் உபயோகத்தில் இல்லை. மெயில் திரும்பி வந்தது. எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த சார் வெளிநாடு போய்விட்டார் என்று கேள்வி. அவருக்கு அனுப்பிய செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றன. என் போனில் கடைசி நாள் கேக் வெட்டிய ஒரே ஒரு போட்டோ இருந்தது. "கேக் தின்ன ஒரு நாள் போனா போதுமே" என்றார் கல்லூரி ஆபீஸ் கிளார்க். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் வாங்கினேன். அதில் பிளெஸ்ஸி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் பொன்னம்மாள் என்று அதில் எங்கும் இல்லை.

புதன்கிழமை மத்தியானம் அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா இப்போது கல்லாறு என்ற ஊரில் ஒரு டீக்கடையில் வேலைக்கு நிற்கிறார். நான் அழுததைக் கேட்டு முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் யாரோ இரண்டு கட்டன் டீ கேட்பது கேட்டது.

"அந்தப் பேரு நான்தாம்மா சொன்னேன். அன்னிக்கி வாத்தியாரு வெரட்டுனாரு, வாயில வந்தத சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம நானே வந்து ஒங்க டீச்சருகிட்ட சொல்லட்டா?"

"வேணாம்பா. நீங்க வந்தா ஒண்ணும் நடக்காது" என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? அப்பா அந்த அறையில் வந்து நிற்பதை மற்றவர்கள் பார்ப்பார்களே என்றுதான். அந்த நிலைமையிலும் எனக்கு அது தோன்றியது.

வகுப்புக்குப் போகவில்லை. மாடியில் பெண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். அழுகை வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டேன். சபையில் ஜெபிப்பது போல வார்த்தைகள் வரவில்லை. "ஆண்டவரே, எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு ஒரு உண்மை வாயில் வந்தது. "அப்பா கொடுத்த பெயரைச் சொல்ல வெட்கப்பட்டேன். அதுதான் என் பாவம். பட்டம் போனால் போகட்டும். நான் திருடி இல்லை என்று ஒரே ஒரு ஆள் சொல்லட்டும். என் பெயரைத் தெரிந்த ஒரே ஒரு ஆள்."

பக்கெட் நிரம்பி வழிந்து என் செருப்பு நனைந்தது. குழாயை மூடிவிட்டு வெளியே வந்தேன். சமாதானம் வந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் அப்படியேதான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கழக்கூட்டத்துக்குப் பஸ் ஏறினேன். அலுவலகம் மூடிக்கிடக்கும் என்று தெரியும். பக்கத்து அலுவலகத்தில் யாராவது என்னை ஞாபகம் வைத்திருக்க மாட்டார்களா என்று ஒரு நப்பாசை. கட்டிட வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழையப் பார்த்தேன். ஏனென்றால் அங்கே செக்யூரிட்டி சுகுமாரன் சேட்டன் நிற்பார்.

அவருக்கும் எனக்கும் ஆகாது. அவர் பாறசாலைக்காரர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அந்த எட்டு வாரமும் தினமும் அவரிடம் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முதல் நாள் ரெஜிஸ்டரில் பிளெஸ்ஸி என்று எழுதினேன். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தவர், பேனாவால் அதை அடித்துவிட்டார்.

"பிள்ளே, கார்டுல உள்ள பேர எழுது. பிளெஸ்ஸி கிளெஸ்ஸி ஒண்ணும் இங்கே வேண்டா."

"எல்லாரும் என்னை அப்படித்தான் கூப்பிடுறாங்க."

"எல்லாரும் கூப்பிட்டோட்டே. என் புக்குல பொன்னம்மாதான்."

அதோடு விடவில்லை. தினமும் காலையில், லிஃப்டுக்கு நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி "குட்மார்னிங் பொன்னம்மா!" என்பார். நான் பதில் சொல்ல மாட்டேன். மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே பொன்னம்மாள், பொன்னம்மாள் என்று கிறுக்கிவிட்டு ஓடுவேன். அதன்பின் அந்தப் புத்தகத்தை நான் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கும் அதே குரல்.

"எந்தா பொன்னம்மா! ஆளையே காணோமே! ஜோலி கிட்டியோ?"

நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் கட்டிடத்தில் என்னை அந்தப் பெயரில் கூப்பிடுகிற ஒரே ஆள். நேற்று நான் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டேன்.

"அய்யோ, நான் எந்து பறஞ்ஞு இப்போ? கரையாதே பிள்ளே, அழாதே" என்று அவர் பதறிப்போய்த் தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சொன்னேன். அவர் நேராகப் படிக்கட்டுக்குக் கீழே போனார். அங்கே பழைய ரெஜிஸ்டர்கள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. சனிக்கிழமை ஆக்கிரிக்காரன், அதாவது பழைய பேப்பர் கடைக்காரன், வந்து எடுத்துப் போவதற்காகக் கட்டி வைத்தவை. இன்னும் இரண்டே நாள். அவர் கயிற்றை அறுத்தார். அந்தப் புத்தகம் அதில் இல்லாவிட்டால்? முதல் கட்டில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது கட்டில் அடியில், நீல அட்டை, ஓரம் கரையான் அரித்தது.

திறந்தோம். பொன்னம்மாள். ஆதாரின் கடைசி நான்கு இலக்கம். அலுவலகத்தின் பெயர். வந்த காரணம் என்ற இடத்தில் இன்டர்ன்ஷிப். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், என் கையெழுத்து. எட்டு வாரமும், நான் போன ஒரு நாள்கூட விடாமல். முதல் நாள் வரியில் பிளெஸ்ஸி என்று எழுதி அடித்திருந்தது, பக்கத்தில் பொன்னம்மாள்.

"கண்டோ, நான் அன்னைக்கே பறஞ்சதுதானே?" என்று சேட்டன் என்னை விடப் பெருமையாகச் சிரித்தார். கட்டிட மேனேஜரிடம் அவரே கூட்டிப்போய், ஒவ்வொரு பக்கத்தின் நகலிலும் முத்திரை வாங்கித் தந்தார்.

வெள்ளிக்கிழமை கமிட்டி அறைக்கு வெளியே போனபோது, பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். வர வேண்டாம் என்று சொல்லியும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். சலவை வேட்டி. மடியில் டீச்சருக்குக் கொடுக்க அரைக் கிலோ தேயிலைத்தூள். எனக்குக் கூசவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே அந்த கிளார்க்தான் ஒப்பிட்டுப் பார்த்தார். பிளெஸ்ஸி என்ற பெயரில் நான் கல்லூரிக்குக் கொடுத்திருந்த நாள்குறிப்பு ஒரு பக்கம், பொன்னம்மாளின் கேட் ரெஜிஸ்டர் நகல் மறுபக்கம். கடையடைப்பு நடந்த ஹர்த்தால் அன்று இரண்டிலும் விடுப்பு. காய்ச்சல் வந்து மத்தியானமே போன நாள் இரண்டிலும் ஒரே நேரம். அவர் விரல் ஒவ்வொரு வரியாக நகர நகர நானும் தேதிகளை எண்ணிக்கொண்டு நின்றேன். கடைசி வரி வந்ததும் தாள்களை அடுக்கி வைத்து, "ஆள் இவதான் டீச்சரே" என்றார்.

ஷைனி டீச்சர் கதவுப் பக்கம் பார்த்து, "அது ஆரு?" என்று கேட்டார்.

"எங்கப்பா. பொன்னம்மாள்னு பேரு வச்சது அவர்தான்" என்றேன்.

அடுத்த வாரம் சிவப்பு வட்டத்தை அடித்து நான்கு கிரெடிட்டையும் சேர்த்தார்கள். தேர்வு எழுதினேன், தேறினேன். ஜூனில் வேலையில் சேர்ந்த அன்று கழுத்தில் போடும் கார்டுக்கு, கூப்பிடும் பெயர் என்ன அடிக்க வேண்டும் என்று கேட்டார்கள். யோசிக்காமல் பொன்னம்மாள் என்றேன்.

அன்பானவர்களே, நான் மார்ச்சில்தான் அழுது கேட்டேன். ஆண்டவரோ போன ஏப்ரலிலேயே ஒரு பிடிவாதக்கார மனிதரை வாசலில் உட்கார வைத்து, என் பதிலை என் கையாலேயே தினமும் எழுத வைத்திருக்கிறார். அதை நான் முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன். இன்றைக்கு உங்களுக்கும் ஏதாவது ஒரு பட்டியலில் சிவப்பு வட்டம் விழுந்திருக்கலாம். பயம் போன பிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே கேளுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்ற ஒரு வரி போதும். பிறகு எழுந்து போய், உங்களுக்கு ஆகாதவர் என்று நீங்கள் ஒதுக்கி வைத்த மனிதரின் முகத்தையும் ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

இந்த ஞாயிறு ஆராதனைக்கு அப்பா வருகிறார். என்னை நீங்கள் பிளெஸ்ஸி என்றே கூப்பிடலாம், அதுவும் எனக்கு ஆண்டவர் சபையில் தந்த பெயர்தான். ஆனால் அப்பா காதில் விழும்படி யாராவது ஒரு தடவை பொன்னம்மாள் என்று கூப்பிட்டால், நான் திரும்பிப் பார்ப்பேன்.