குமுளி இறக்கத்தில் ஆண்டவர் மறுத்த என் விண்ணப்பம்

என் மனைவி ரெஜினா குமுளி மலைப்பாதையில் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஸ்கூட்டரை ஓட்டியவன் நான். அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவும் நம் ராயப்பன்பட்டிப் பங்கில் அனைவருக்கும் தெரியும். தெரியாத ஒன்று இருந்தது. அதை ஒன்றரை ஆண்டு காலம் நான் எவரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. அதைச் சொல்லும் இடத்துக்கு ஆண்டவர் என்னை எப்படிக் கொண்டுவந்து நிறுத்தினார் என்பதே என் சாட்சி.

மலையேறி வேலைக்குப் போய்வரும் நம் பகுதி மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. குமுளியைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடுவார்கள். வண்டி தன் பாரத்திலேயே உருண்டு மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரை வந்து சேரும். பெட்ரோல் செலவில்லை. இதைச் ‘சும்மா இறக்கம்’ என்பார்கள். இளைஞனாக இருந்தபோதே நானும் பழகிக்கொண்டேன். அன்றைய கியர் வண்டியில் தொடங்கி, பிற்காலத்தில் வாங்கிய கியர் இல்லாத ஸ்கூட்டரிலும் அதையே செய்துவந்தேன்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். உயரத்திலிருந்து இறங்கும் எடையின் ஆற்றல் எங்கும் மறைந்துவிடுவதில்லை, வெப்பமாக மாறுகிறது என்று எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எஞ்சினை அணைத்துவிட்டால் அந்த வெப்பம் முழுவதும் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக்கில்தான் சேரும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. அது உண்மையாகாது. எண்ணிப் பார்த்தேன். இத்தனை முறை ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டுவிட்டேன்.

அது ஒரு கார்த்திகை மாதப் பிற்பகல். குமுளியில் உடல்நலமின்றி இருந்த ரெஜினாவின் அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். இலேசான மூடுபனி. வழக்கமான இடத்தில் சாவியைத் திருப்பினேன். இரண்டு வளைவுகள் கடந்த பிறகு அவள் கேட்டாள்:

“என்னங்க, வண்டி ஓடுதா? சத்தத்தையே காணோம்.”

“இறக்கந்தான, சும்மா வா” என்றேன்.

முப்பத்தொரு ஆண்டு இல்லற வாழ்க்கையில் நாங்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது இதுதான். அடுத்த வளைவில் கருகிய வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில், பிரேக் பிடியை எவ்வளவு அழுத்தியும் வேகம் குறையவில்லை. மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்கள் கண்ணில் படும் இடத்தில் வண்டி ஓரச் சுவரில் மோதியது. நான் சாலையில் விழுந்தேன். அவள் தலை சுவரில் பட்டது. பின்னால் உட்காருகிறவருக்குத் தலைக்கவசம் எதற்கு என்று நாங்கள் இருவருமே எண்ணியிருந்தோம்.

விசாரிக்க வந்த காவலரிடம், “பிரேக் பிடிக்கவில்லை” என்றேன். உறவினர்களிடமும் அதையே சொன்னேன். அது பொய்யில்லை. உண்மையை அதன் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மீதிப் பாதியை ஊரார் நிரப்பினார்கள். விபத்துக்கு நான்கு நாள் முன்புதான் உத்தமபாளையத்தில் பட்டறை வைத்திருக்கும் சித்திக் பாய் என் வண்டிக்குப் புது பிரேக் ஷூ மாட்டிக் கொடுத்திருந்தார். அடக்கத்துக்கு வந்த என் மைத்துனர், “மாட்டி நாலே நாள்ல பிரேக் போயிருக்குன்னா அந்த ஆளு என்ன வேல பாத்திருக்கான்?” என்று என் முன்னாலேயே கேட்டார். நான் குனிந்தபடி இருந்தேன். துக்கத்தில் இருப்பவனின் மௌனத்தை எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நம் ஊர் வண்டிகள் அவர் பட்டறைக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்தே இது நடந்தது.

அன்று முதல் அந்த ஓசையற்ற இறக்கம் என்னை விடவில்லை. மின்சாரம் நின்று விசிறி ஓயும்போதெல்லாம் வெறும் டயர் தார்ச்சாலையில் உரசி ஓடும் சத்தம் கேட்கும். முதுகில் ஒரு பாரம் வந்து சாயும். ஒருமுறை திருப்பலியின் நடுவே, குருவானவர் நற்கருணையை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்து ஆலயம் அமைதியானபோது, என் பிடரியில் மூச்சுப் பட்டது. திரும்பிப் பார்த்தேன். உபதேசியார் என்னவென்று புரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நீக்கும் ஆண்டவரே என்று நாள்தோறும் செபித்தேன். நீக்கப்படவில்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஸ்டெல்லா. தாய் இறந்து ஓராண்டு கழிந்ததும் குமுளியில் ஒரு மருத்துவமனையில் ஆய்வகப் பணியாளராகச் சேர்ந்தாள். பேருந்து மாறிப் போவது சிரமம் என்று ஸ்கூட்டர் வாங்கினாள். சித்திக் பாயிடம் அதைக் காட்டவே மாட்டேன் என்று கம்பத்தில் ஓரிடத்தில் சர்வீசுக்கு விட்டாள். “அந்தாளு கைபட்ட வண்டியில நான் ஏற மாட்டேம்ப்பா” என்று அவள் சொன்னபோது நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து படித்தேன்.

ஒருநாள் மாலை அவள் வந்து நிறுத்திய வண்டியை, மழை வருவதுபோல் இருந்ததால் கொட்டகைக்குள் தள்ளினேன். பின்சக்கரத்தின் நடுவே விரல் பட்டது. தோல் வெந்துவிட்டது. மூக்கில் அதே கருகிய வாடை.

“ஸ்டெல்லா, எப்படி எறங்குன?”

“சும்மா இறக்கந்தாம்ப்பா” என்றாள். “நீங்க பழக்குனதுதான? நான் படிக்கையில என்னையப் பின்னால வச்சுக்கிட்டு எத்தன தடவ எறக்கியிருக்கீக.”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். “இனிமேல் அப்படி இறங்காதே” என்றால் “ஏன்” என்று கேட்பாள். அந்த ‘ஏன்’ எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும். “பாத்து வா” என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை ஆலயத்தில் முழந்தாளிட்டு ஒன்பது நாள் நவநாள் தொடங்கினேன். நான் கேட்டதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: “ஆண்டவரே, என் மகளைக் காப்பாற்றும். நான் வாய் திறக்காமலே அது நடக்கட்டும்.”

செபத்தோடு நிற்காமல் வேறொன்றும் செய்தேன். அவளுக்குத் தெரியாமல், பின்சக்கரத்து பிரேக் கம்பியின் முனையில் இருக்கும் நட்டை முறுக்கி வைத்தேன். பிடி தொட்டவுடன் பிரேக் பிடிக்கட்டும், அதுவே அவளைக் காக்கும் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து இன்னொரு சுற்று முறுக்கினேன். ஒவ்வொரு மாலையும் அவள் வரும்வரை வாசலில் நின்றேன். ஒரு சொல்லில் முடியக்கூடிய காரியத்துக்கு நவநாளும் ஸ்பானரும் தேடிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள், மாலை ஐந்து மணியளவில் தொலைபேசி ஒலித்தது. ஒன்றரை ஆண்டாக நான் கேட்காதிருந்த குரல்.

“சார், சித்திக் பேசுறேன். பதறாதீக. பாப்பா நல்லாருக்கு. லோயர் கேம்ப்புக்கு மேல கடைசி வளைவுல பிரேக் நிக்கல போல. ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த மண்ணுல ஏத்தி விழுந்திருச்சு. முழங்கால்ல சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்ல. ஹெல்மெட் போட்டிருந்துச்சு. நான் ஒரு ஜீப்பு ரிப்பேருன்னு இங்கன வந்தேன். என் லோடு ஆட்டோவுல ஏத்திட்டு வாரேன்.”

ஒரு மணி நேரத்துக்குமேல் வாசலில் நின்றேன். அந்த நேரத்தில் செபிக்க எனக்கு வார்த்தை வரவில்லை.

அவர்கள் வந்தார்கள். ஸ்டெல்லா நொண்டியபடி இறங்கினாள். அவளுடைய தலைக்கவசத்தின் ஒரு பக்கம் முழுவதும் தேய்ந்திருந்தது. வழியெல்லாம் அவள் அவரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பது இருவர் முகத்திலும் தெரிந்தது. சித்திக் பாய் ஸ்கூட்டரை இறக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார். பின்சக்கரத்தைக் கையால் சுற்றப் பார்த்தார். அது உரசி, அரைச் சுற்றில் நின்றது. குனிந்து பார்த்தார்.

“இந்த நட்ட இப்படி முறுக்குனது யாரு? கம்பத்துலயா?”

“அங்க ஒழுங்காத்தான் செய்வாக” என்றாள் ஸ்டெல்லா வெடுக்கென்று. “புது ஷூ மாட்டி நாலு நாள்ல ஆளக் கொல்றவுக வேற.”

அவர் முகம் சுண்டியது. என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வழக்கம்போல் தலைகுனிந்து ஒருவேளை நான் தப்பித்திருப்பேன்.

“நான்தான் முறுக்குனேன், பாய்” என்றேன்.

“எதுக்கு சார்?”

“நல்லாப் பிடிக்கட்டும்னு.”

“நல்லாத்தான் பிடிச்சிருக்கு. விடவே இல்ல” என்றார். “கொஞ்சம் லூசு வேணும் சார். இல்லாட்டி ஷூ சக்கரத்துக்குள்ள இருக்குற டிரம்ம உரசிக்கிட்டே வரும். அதோட எஞ்சினையும் அமத்திட்டு எறங்குனா அடுப்பாத்தான் கொதிக்கும். அப்புறம் எங்கருந்து பிடிக்க?”

என் மகளைக் கொல்ல இருந்தது என் கைதான் என்பதை அவர் இவ்வளவு எளிமையாகச் சொன்னார். அதற்குமேல் மறைக்க என்னிடம் எதுவும் மிச்சமில்லை.

“ஸ்டெல்லா, அன்னைக்கு நானும் வண்டிய அமத்திட்டுத்தான் எறங்குனேன். பாய் மாட்டுன பிரேக்குல ஒரு குத்தமும் இல்ல. உங்கம்மா செத்தது என்னால.”

அவள் அவரிடம் திரும்பினாள். “உங்களுக்கு இது தெரியுமா?”

“வண்டிய போலீசு டேசன்ல பாத்தப்பவே தெரியும் ஆத்தா. இடிச்ச இடியில சாவி ஆஃப்லயே வளஞ்சு நின்னுச்சு. டிரம்மு சூட்டுல வெந்து நீலம் பாஞ்சிருந்துச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா அம்மா எந்திருச்சு வந்துருவாகளா? சார் வாயால வரட்டும்னு பாத்தேன். பெரிய படிப்பு படிச்சவக, ஒரு மாசத்துல சொல்லிருவாகன்னு நெனச்சேன்.” பிறகுதான் என்னைப் பார்த்தார். “கோவம் இல்லைன்னு சொன்னா பொய்யி சார். எம் மகன்கிட்டயே ஒருத்தன் கேட்டான், உங்கத்தா கொலகாரராமேன்னு.”

நான் கைகூப்பினேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, தடுக்கவும் இல்லை. நட்டைத் தளர்த்தி, சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்டெல்லா ஐந்து வாரங்கள் என்னோடு பேசவில்லை. சோறு போடுவாள், எதிரே உட்கார மாட்டாள். இடையில் ஒரே ஒரு முறை கேட்டாள்: “அம்மா கடைசியா ஏதாவது சொன்னாகளா?” சொன்னேன். நான் சொன்ன பதிலையும் சேர்த்தே சொன்னேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குத்தந்தை, “பாவத்தை ஆண்டவர் மன்னிப்பார், பழி சுமந்தவரின் பெயரை நீங்கள்தான் துடைக்க வேண்டும்” என்றார். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒலிவாங்கி முன் நின்று, இங்கே எழுதியதையே சுருக்கமாகச் சொன்னேன். என் மைத்துனர் எழுந்து வெளியே போனார். மறுநாள் உத்தமபாளையத்துக்குப் பேருந்தில் போய்ச் சித்திக் பாய் பட்டறை வாசலில் நின்றேன்.

“கேள்விப்பட்டேன்” என்றார் வேலையிலிருந்து நிமிராமல். “வண்டி கொண்டாராம வெறுங்கையோட வந்தா நான் எத ரிப்பேரு பாக்க?” சற்றுக் கழித்து, உட்கார ஒரு பழைய ஸ்கூட்டர் சீட்டைத் தள்ளிவிட்டார்.

ஆறாவது வாரம் ஸ்டெல்லாவே தன் வண்டியை அவரிடம் கொண்டுபோனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது, எப்படி இறங்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததை எனக்கு விளக்கினாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இறக்கத்தின் தொடக்கத்தில் ஆக்சிலேட்டரை இலேசாக முறுக்கி, வண்டியை எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு விட வேண்டும். அப்போது அது வேகத்தைச் சற்று இழுத்துப் பிடிக்கும். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு அழுத்த வேண்டும். வாடை வந்தாலோ பிடி தளர்ந்தாலோ ஓரமாக நிறுத்தி ஆற விட வேண்டும். மகள் எனக்கு இயற்பியல் பாடம் நடத்தினாள். ஐந்து வாரங்களுக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நான் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டேன்.

அந்த ஓசையற்ற இறக்கம் எனக்கு இன்னும் கேட்கிறது. அதை நீக்கும்படி இப்போது செபிப்பதில்லை. ரெஜினா கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில் சொல்லவில்லை; அவள் வந்து கேட்கிறாள், கேட்கட்டும். முன்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது இருந்த இடத்திலேயே இருக்கிறேன்.

அன்பான இறைமக்களே, நான் ஆண்டவரிடம் இரண்டு கேட்டேன். என் மகளைக் காப்பாற்ற வேண்டும் என்றேன், தந்தார். நான் வாய் திறக்காமல் அது நடக்க வேண்டும் என்றேன்; மறுத்தார். இரண்டையும் அவர் தந்திருந்தால், ஸ்டெல்லா மறுவாரமே மீண்டும் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கியிருப்பாள். நானும் மீண்டும் நட்டை முறுக்கியிருப்பேன். உங்களில் மலை இறங்குகிறவர்கள் இன்று முதல் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் தலைக்கவசம் கொடுங்கள். என்னைப் போல இரண்டாவது விண்ணப்பம் ஒன்றை நெஞ்சில் வைத்திருக்கிறவர்கள், வெட்கப்படாமல் அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதை மறுப்பார். அந்த மறுப்புக்காக இன்று நான் அவருக்கு நன்றி செலுத்துகிறேன்.