மாதிரிச் சரக்கு

பனை ஓலையில் முடைந்த, உள்ளங்கை அளவுப் பெட்டி அது. மூடியின் குறுக்கே சிவப்புச் சாயமேற்றிய ஓலை ஒன்று ஓடும். பழவேற்காட்டில் அப்படி முடைகிறவள் என் அக்கா ஒருத்திதான். மச்சான் கப்பலுக்குப் போனபோது தஸ்பீஹ் ஓதும் ஜெபமணி வைத்துக்கொள்ளக் கொடுத்தாள். எண்பதுகளின் தொடக்கத்தில் அதை நான் மறுபடி பார்த்தது ஹாங்காங்கில், தைவானின் வர்த்தக அலுவலகம் ஒன்றின் மேசைமேல்.

மச்சான் வேலை பார்த்தது தைவான் கப்பலில். காய்ச்சல் என்று அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிட்டதாக உடன் போனவர் சொன்னார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. தைவானுக்கும் நமக்கும் தூதரக உறவு கிடையாது. அங்கே விசாரிக்க நம் ஆளும் இல்லை, இங்கே பதில் சொல்ல அவர்கள் ஆளும் இல்லை. மரணம் உறுதியாகாமல், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா என்னும் துக்கக் காலத்தை அக்காவால் தொடங்க முடியவில்லை. மனைவியாகவும் இல்லாமல் விதவையாகவும் இல்லாமல் ஓலை முடைந்துகொண்டிருந்தாள்.

முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு, பத்திரிகை வேலையாகப் போனபோது அந்த அலுவலகத்துக்குச் சென்றேன். கொடி இல்லை. சுவரில் தையல் இயந்திரப் படங்கள், கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் இறால். விசாவும் அங்கேதான் கொடுத்தார்கள். அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, என் பக்கத்தில் நின்று சொன்னார்: மருத்துவமனையில் இறந்துவிட்டார், அடக்கமும் ஆகிவிட்டது. அதை எழுதிக் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை. இறந்தவர் உடைமை என்றால் இந்தியத் தூதரகத்திடம்தான் ஒப்படைக்க வேண்டும். தைவானில் அப்படியொன்று இல்லை. ஆகவே மருத்துவமனையிலிருந்து வரவழைத்த பெட்டியில் ஒரு சீட்டைக் கட்டியிருந்தார்: ‘கைவினை மாதிரி. விற்பனைக்கல்ல.’ வணிகப் பொருளைக் கைமாற்ற அவருக்குத் தடையில்லை.

ஊரில் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சீல் வச்ச தாளு இன்னா இருக்குது தம்பி? யாவாரம் பண்றவன் வாயால சொன்னான்னு ஒரு பொம்பளைய எப்படி இத்தால உக்காத்தி வைக்கிறது?”

அக்கா பெட்டியைத் திறந்தாள். மணிகள் அப்படியே இருந்தன. அழுவாள் என்று நினைத்தேன்.

“மாதிரின்னுதானே எழுதிக்கிறான்?” என்றாள். “நாம மெட்ராஸ் கடைக்கு மாதிரி அனுப்புனா பின்னாலயே சரக்கு போவுதில்ல? அதுமாதிரிதான். வருவாரு.”

“அக்கா, அடக்கம் பண்ணிட்டாங்கன்னு...”

“சும்மா இரு. பேப்பர்காரன் நீ. யாவாரம் உனக்கு இன்னா தெரியும்?”

இப்போது சென்னையிலேயே அவர்களுக்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. அதன் பலகையிலும் தூதரகம் என்ற சொல் இல்லை. அங்கே விசாரித்துப் பார்க்கலாம் என்று போன மாதம் அக்காவிடம் சொன்னேன். பார்வை மங்கிய கண்ணோடு அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்தாள். சிவப்பு ஓலை வெளுத்துவிட்டது. சீட்டில் எழுத்து அழிந்துவிட்டது, நூல் மட்டும் புதிது. பழையது இற்றுப்போகும்போதெல்லாம் மாற்றிக் கட்டுகிறாளாம்.

“இந்தச் சீட்டு இல்லாட்டி, சரக்கு எந்த ஊட்டுக்குன்னு அவனுங்களுக்குத் தெரியாதுல்ல” என்றாள்.